பவுல் ஆட்டங்கள் யாருடையவை?

1902ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியும் ஸ்டான்ஃபோர்டு அணியும் ஃபுட்பாலில் மோதின. சுமார் 8,000 பேர் திரண்டு பார்த்தார்கள். மிச்சிகன் 49 புள்ளிகள் குவித்தது. ஸ்டான்ஃபோர்டு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போதே, இனி முடியாது என்று ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர்களுக்கும் மனம் விட்டுப்போயிற்று. மறு ஆண்டு போலோ வைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு தொடங்கி 1915 வரை குதிரை பூட்டிய ரதப் பந்தயம். ஃபுட்பால் திரும்பி வருவதற்கு 1916 ஆகிவிட்டது.

இதை ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் முடிந்தபின் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது என் எண்ணம். அந்த ஆட்டத்தை நடத்தியது பல்கலைக்கழகமும் அல்ல, விளையாட்டுச் சங்கமும் அல்ல. பூ அலங்கார ஊர்வலம் நடத்திவந்த ஊர்க்காரர்கள். 1890இல் பாசடீனாவின் ஒரு வேட்டைக் கழகம் அந்த ஊர்வலத்தைத் தொடங்கியது. கிழக்கு மாநிலங்களில் பனி முழங்கால் அளவு கிடக்கும் ஜனவரியில் எங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது, வந்து பாருங்கள், பிடித்திருந்தால் மனை வாங்கிக் குடியேறுங்கள் என்று சொல்வதே அதன் நோக்கம். கூட்டம் சேர்ப்பதற்கு ஃபுட்பால் உதவினால் ஃபுட்பால். ரதம் உதவினால் ரதம். நம் ஊர்த் திருவிழாக் கமிட்டி கச்சேரிக்கு ஆள் பிடிப்பதைப் போலத்தான் அவர்கள் அணிகளை அழைத்தார்கள். நூறாண்டு கடந்து இன்று நடக்கும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில தகவல்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது அமெரிக்க ஃபுட்பால். அப்படிச் சேர்த்தால் டச்டவுன். கல்லூரி அணிகளுக்கு அங்கே இருக்கும் மவுசை வெளியிலிருப்பவர்கள் நம்புவது கடினம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்க்கலாம். உயர் பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கான்ஃபரன்ஸ் எனப்படும் வட்டாரக் கூட்டமைப்புகளில் சேர்ந்து, சீசனுக்கு 12 ஆட்டங்கள் ஆடுகின்றன. கூடைப்பந்து, நீச்சல், தடகளம் என்று பலவற்றுக்கும் தேசிய சாம்பியன்ஷிப் நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு, இந்த உயர் பிரிவு ஃபுட்பாலுக்கு மட்டும் இன்றுவரை சாம்பியன்ஷிப் நடத்தியதில்லை. சீசன் முடிந்த பிறகான நாட்களை ஊர்க் கமிட்டிகள் முன்பே பிடித்துவைத்திருந்தன.

பாசடீனாவில் கூட்டம் பெருகியதும், அரோயோ செக்கோ என்ற பள்ளத்தாக்கில் மைரன் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1922இல் புது மைதானம் கட்டினார்கள். 1914இல் யேல் பல்கலைக்கழகம் கட்டிய ‘யேல் பவுல்’ அதற்கு முன்மாதிரி. அங்கிருந்து வந்த பெயர்தான் ‘ரோஸ் பவுல்’. முதலில் மைதானத்துக்கும், பிறகு ஆட்டத்துக்கும், அதன்பின் நாடு முழுக்க இந்த வகை ஆட்டங்கள் அனைத்துக்கும் ‘பவுல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1927இல் அலபாமாவும் ஸ்டான்ஃபோர்டும் 7-7 என்று சமன் செய்த ரோஸ் பவுல் ஆட்டம், அமெரிக்காவின் இரு கடற்கரைகளுக்கும் ஒரே நேரத்தில் வானொலியில் ஒலிபரப்பானது. பனியில் அடைந்துகிடந்த லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கலிஃபோர்னியாவின் வெயில் ஒரு வர்ணனையாளரின் குரலில் நுழைந்தது. ஊர்வலம் தொடங்கியவர்கள் கனவு கண்டதும் இதைத்தான்.

மற்ற ஊர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? நிலவிலைச் சரிவு, 1926இன் புயல், அதன் பின் பொருளாதாரப் பெருமந்தம் என்று அடிமேல் அடி வாங்கியிருந்த மயாமி, 1935 புத்தாண்டு நாளில் ‘ஆரஞ்சு பவுல்’ தொடங்கியது. அதே நாளில் நியூ ஆர்லியன்சில் ‘சுகர் பவுல்’. அது நடந்த டுலேன் மைதானம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாக இருந்த நிலம். எல் பாசோ நகரம் ‘சன் பவுல்’ வைத்தது. டல்லஸ் நகரில் ஜே. கர்டிஸ் சான்ஃபோர்டு என்ற எண்ணெய் வியாபாரி தன் கைப்பணத்தைப் போட்டு 1937இல் ‘காட்டன் பவுல்’ நடத்தினார். அதே புத்தாண்டில் கியூபாவின் ஹவானாவில்கூட, ஒரு ரம் கம்பெனியின் பெயரைத் தாங்கிய ‘பக்கார்டி பவுல்’ ஆட்டத்தில் ஆபர்னும் வில்லனோவாவும் ஆடின. ரோஜா, ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று அந்தந்த வட்டாரம் தன் விளைச்சலைத் தலையில் சூடிக்கொண்டது. பஞ்ச காலத்தில் ஹோட்டல் அறைகளையும் ரயில் பெட்டிகளையும் நிரப்ப ஊர்கள் கண்டுபிடித்த வழி இது. அந்த வகையில் இவை பெரும் வெற்றி.

ஆனால் ஆட்டத்தின் உரிமை ஊர்ப் பிரமுகர்கள் கையில் இருக்கும்போது, ஊரின் அநீதியும் ஆட்டத்துக்குள் வந்துவிடும். சுகர், காட்டன், ஆரஞ்சு மூன்றும் நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலங்களின் ஆட்டங்கள். வடக்கிலிருந்து வரும் அணியில் கறுப்பின வீரர் இருந்தால், அவரை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. பாஸ்டன் கல்லூரியின் லூ மான்ட்கோமரி 1940 காட்டன் பவுலிலும் ஆடவில்லை, 1941 சுகர் பவுலிலும் ஆடவில்லை. அவருடைய கல்லூரியே அந்த நிபந்தனைக்கு இணங்கியது. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 1951இல் சான்ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்றது. ஒல்லி மாட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால் தென்னகப் பவுல் ஒன்றில் இடம் உண்டு என்று சொல்லப்பட்டது. அணியினர் மறுத்துவிட்டார்கள். எந்தப் பவுலுக்கும் அவர்களை யாரும் அழைக்கவில்லை. பணமில்லாமல் தவித்த பல்கலைக்கழகம் அத்தோடு அந்த ஃபுட்பால் அணியைக் கலைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய அணி அதுதான்.

1956 சுகர் பவுல் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டிய கதை. ஜார்ஜியா டெக்கை எதிர்த்து ஆட அழைக்கப்பட்ட பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவர் இல்லாமல் வரமாட்டோம் என்று பிட்ஸ்பர்க் சொல்ல, கமிட்டி ஒப்புக்கொண்டது. அலபாமாவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பர் முதல் தேதி. மறுநாளே ஜார்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின், தன் மாநில அணி இந்த ஆட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழுவுக்குத் தந்தி கொடுத்தார். கொதித்தெழுந்தவர்கள் ஜார்ஜியா டெக்கின் வெள்ளை மாணவர்கள். ஆளுநரின் கொடும்பாவியை எரித்துக்கொண்டு அவருடைய மாளிகை வரை ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலருக்குச் சமத்துவத்தைவிட, புத்தாண்டு ஆட்டம் கைநழுவிப்போகிறதே என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்திருக்கலாம். இருந்தாலும் நிர்வாகக் குழு பணிந்தது, ஆட்டம் நடந்தது. சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார் கிரியர். ஆட்டத்தின் ஒரே டச்டவுனுக்கு வழி திறந்தது, அவர் எதிரணி வீரரைத் தள்ளினார் என்று நடுவர் கொடுத்த முடிவு. ஜார்ஜியா டெக் 7-0 என்று வென்றது. தான் தள்ளவில்லை என்பதே கடைசிவரை கிரியரின் நிலை.

அதோடு நிறவெறி தோற்றுவிட்டது என்று எழுத முடியவில்லை. அதே ஆண்டு லூசியானா சட்டமன்றம், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடுவதையே தடை செய்தது. 1959இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் வீழ்ந்தது. அதன் பிறகும் கறுப்பின வீரர்களோடு ஒரு வடக்கத்திய அணி சுகர் பவுலுக்கு வர 1965 ஜனவரி ஆயிற்று. வந்தது சிரக்யூஸ் அணி.

கறுப்பினக் கல்லூரிகள் இதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. டெக்சாசில் 1929இலேயே ‘பிரெய்ரி வியூ பவுல்’ தொடங்கியது. 1933இல் ஃப்ளோரிடாவின் ‘ஆரஞ்சு பிளாசம் கிளாசிக்’. வெள்ளையரின் ஆரஞ்சு பவுல் பிறப்பதற்கு முன்பே அந்தப் பழத்தின் பூவைக் கறுப்பினத்தவர் தங்கள் ஆட்டத்துக்குச் சூட்டிவிட்டார்கள். பொது வரலாறுகளில் இந்த ஆட்டங்களுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம்.

சாம்பியன் யார் என்ற கேள்விக்கு வருவோம். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், விளையாட்டு நிருபர்களிடம் வாக்கு வாங்கித் தரவரிசை வெளியிட்டது. பல பத்தாண்டுகளுக்கு அதன் இறுதிப் பட்டியல் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே வந்துவிடும். பவுல் என்பது கொண்டாட்டம், கணக்கில் சேராது என்பதே அன்றைய புரிதல். அதனால் 1960 சீசனின் சாம்பியன் மின்னசோட்டா, பட்டத்தை வாங்கிய பிறகு ரோஸ் பவுலில் வாஷிங்டனிடம் 17-7 என்று தோற்றது. பட்டம் அதனிடமே இருந்தது. 1973இல் கோச்சுகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அலபாமாவும் அப்படியே, சுகர் பவுலில் நோத்ரு டாமிடம் ஒரு புள்ளியில் தோற்ற சாம்பியன். 1994இல் பென் ஸ்டேட் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, நெப்ராஸ்காவும் தோற்கவில்லை. இரண்டும் மோதியிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் பென் ஸ்டேட் இருந்த கான்ஃபரன்ஸ் 1946லேயே ரோஸ் பவுலோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, நெப்ராஸ்காவின் கான்ஃபரன்சுக்கு ஆரஞ்சு பவுல். அரை நூற்றாண்டுக்கு முன் போட்ட கையெழுத்து இரண்டு அணிகளையும் நாட்டின் இரு மூலைகளில் நிறுத்தியது. நெப்ராஸ்கா சாம்பியன் என்று வாக்குப்பெட்டி சொன்னது.

இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய 1992 முதல் ஒட்டுப்போட்ட ஏற்பாடுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் நீடித்தது 1998 சீசனிலிருந்து 2013 வரை ஓடிய பிசிஎஸ். தரவரிசையும் கணினிக் கணக்கும் சேர்ந்து இரண்டே இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்கும். 2004இல் ஆபர்ன் எல்லா ஆட்டத்தையும் வென்றும் அந்த இரண்டில் ஒன்றாக முடியவில்லை. 2014இல் நான்கு அணிகளின் பிளேஆஃப் தொடங்கியது. 2024இல் அது 12 அணிகளாக விரிந்தது.

இந்த மாற்றங்களை உந்தியது நியாய உணர்வு மட்டுமல்ல. 1971இல் அரிசோனாவில் தொடங்கிய ஃபியஸ்டா பவுலுக்குப் பழம்பெருமை எதுவும் கிடையாது. 1986இல் சன்கிஸ்ட் நிறுவனத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்டது. அந்தப் பணத்தைக் காட்டி, அப்போது எந்தக் கான்ஃபரன்சுக்கும் கட்டுப்படாத பென் ஸ்டேட்டையும் மயாமியையும் 1987 ஜனவரி 2ஆம் தேதி இரவு மோதவைத்தது. தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள் அவை. பென் ஸ்டேட் 14-10 என்று வென்ற அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மிகப் பெரிய கூட்டம் பார்த்தது. பணம் இருந்தால் மரபை முந்தலாம் என்பது எல்லாருக்கும் புரிந்தது. 1935இல் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிய பவுல்கள் 1980இல் 15 ஆகி, 2010இல் 35 ஆகி, 2015இல் இறுதி ஆட்டத்தையும் சேர்த்து 41 ஆயின. அந்த ஆண்டு ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதாமல், ஐந்தே வெற்றியும் ஏழு தோல்வியும் கண்ட மூன்று அணிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பவுல்களை நடத்துவது ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் கிளை நிறுவனம். மைதானம் காலியாகக் கிடந்தாலும் டிசம்பர் மாதத்து மாலையில் பத்து லட்சம் பேர் வீட்டில் பார்த்தால் அதற்குப் போதும்.

லாபம் எங்கே போயிற்று என்று பார்த்தால் வருத்தம்தான். 2011 ஃபியஸ்டா பவுலுக்கு அழைக்கப்பட்ட கனெக்டிகட் பல்கலைக்கழகம் 17,500 டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. நாட்டின் மறுகோடிக்குப் போய்ப் பார்க்க ரசிகர்களால் முடியவில்லை, பெரும்பகுதி விற்கவே இல்லை. ‘பெருமைக்குரிய அழைப்பு’ ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம் வைத்தது. சில மாதங்களில் அதே ஃபியஸ்டா பவுலின் தலைவர் ஜான் ஜங்கர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஊழியர்களை அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுக்கவைத்துப் பிறகு அந்தப் பணத்தை அமைப்பின் கணக்கிலிருந்து திருப்பித் தந்ததும், அவருடைய பிறந்தநாள் விருந்துக்கே 33,000 டாலர் செலவானதும் விசாரணையில் வெளிவந்தன. பின்னர் அவர் சிறைக்கும் போனார். வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு அது. அதே காலத்தில் ஆடிய மாணவருக்குப் பவுல் கமிட்டி தரக்கூடிய பரிசின் உச்ச வரம்பு 550 டாலர். ஒரு கைக்கடிகாரம், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான்.

ஆகவே வீரர்கள் விலகத் தொடங்கியதை நான் துரோகமாகப் பார்க்கவில்லை. 2016 புத்தாண்டு ஃபியஸ்டா பவுலில் நோத்ரு டாமின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் சிதைந்தது. தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் சிலருக்குள் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார், கோடிக்கணக்கான டாலர் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே லெனார்டு ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு நட்சத்திரங்கள், பவுலில் ஆடமாட்டோம் என்று அறிவித்தார்கள். சக வீரர்களைக் கைவிட்டார்கள் என்று ஏசியவர்கள் பலர். சம்பளமில்லாத ஒரு காட்சி ஆட்டத்துக்காக இருபது வயதுப் பையன் தன் காலைப் பணயம் வைக்கவேண்டும் என்று சொல்ல, அந்த ஆட்டத்தால் சம்பாதிப்பவர்களுக்கு என்ன உரிமை?

இந்தப் போக்கின் உச்சம் 2023 டிசம்பரில் வந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் வென்றிருந்தது. முதன்மை வீரர் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து கிடந்ததால் அணி பலவீனமாகிவிட்டது என்று கருதி, தேர்வுக் குழு அதைப் பிளேஆஃப் நான்கில் சேர்க்கவில்லை. ஆறுதலாக ஆரஞ்சு பவுல் கிடைத்தது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் விலகியோ வேறு கல்லூரிக்கு மாறியோ காயத்திலோ இருந்தார்கள். மிஞ்சியவர்களை வைத்து ஆடி ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. பவுல் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். ஒரு காலத்தில் அணிகள் தவம் கிடந்த ஆட்டம், பிளேஆஃப் கிடைக்காதவர்கள் மனமில்லாமல் போகும் இடமாகிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறும் இப்போது பிளேஆஃபின் காலிறுதி, அரையிறுதி மேடைகள். பெயர் பழையது, யார் ஆடுவது என்பதில் ஊருக்குச் சொல் இல்லை. புத்தாண்டு மாலை எங்களுக்கே என்று நூறாண்டு பிடிவாதம் பிடித்த ரோஸ் பவுல்கூட 2022 இறுதியில் இறங்கிவந்தது. சாம்பியனைக் களத்தில் முடிவு செய்வது சரியானதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மற்ற முப்பது சொச்சம் பவுல்களை என்ன செய்வது என்பதே கேள்வி. ஒழித்துவிடலாம் என்கிறவர்களுக்கு 2014ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பஹாமாசின் நசாவ் நகரில் நடந்த ஆட்டத்தை நினைவூட்டுவேன். வெஸ்டர்ன் கென்டக்கி 49-14 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிச் சுற்றில் சென்ட்ரல் மிச்சிகன் ஒவ்வொரு டச்டவுனாகத் திருப்பி எடுத்தது. நேரம் தீரும் தறுவாயில் கூப்பர் ரஷ் தூக்கி எறிந்த பந்தைப் பிடித்தவர் பக்கத்தில் ஓடியவருக்குத் தட்ட, அவர் இன்னொருவருக்குத் தட்ட, மூன்று கை மாறி டைட்டஸ் டேவிஸ் எல்லையைத் தொட்டார். 49-48. சமன் செய்வதற்குப் பதில் வெற்றிக்கே முயன்று, இரண்டு புள்ளிக்கான கடைசி எறிதல் பலிக்காமல் தோற்றார்கள். எந்தப் பட்டமும் அந்த ஆட்டத்தில் பணயமாக இல்லை. அந்தப் பையன்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொழில்முறை ஆட்டம் எட்டாது. அவர்கள் ஆடிய விதத்தில் அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை.

அந்த ஆர்வத்தை இலவசமாக அனுபவித்தது போதும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வரம்பு சுமார் 2 கோடி டாலர். பவுல் நடத்துகிறவர்களும் அதே வழியில் வரவேண்டும். ஆடும் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கான சம்பளமும், காயம்பட்டால் முழு இழப்பீடும் தரட்டும். அதைத் தரமுடியாத பவுல் மூடப்பட்டால் அது நியாயமான முடிவு.

கறுப்பினக் கல்லூரிகளின் இரண்டு கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் 2015 முதல் டிசம்பரில் அட்லான்டாவில் ‘செலிப்ரேஷன் பவுல்’ ஆடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் நார்த் கரோலைனா ஏ அண்ட் டி, ஆல்கார்ன் ஸ்டேட்டை 41-34 என்று வென்றது. இடைவேளையில் இரு கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களும் களத்தில் இறங்கும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. தங்கள் பிரிவின் தேசியப் பிளேஆஃபில் தங்கள் சாம்பியனுக்கு உள்ள இடத்தைக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு கான்ஃபரன்சுகளும் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பவுல் என்றால் என்னவென்று ஒரே ஒரு ஆட்டத்தில் தெரிந்துகொள்ள விரும்பும் வாசகர்கள் இதைப் பாருங்கள்.